காய்ந்த மாதிரி இருந்த கயிறு

எங்கள் வண்டியின் பின்சீட்டில் ஆட்கள் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. அங்கே கயிறு உட்கார்ந்திருக்கும். போர்மேனும் லைன்மேன்களும் கருவிப் பெட்டி மேலும் மடக்கிய தார்ப்பாய் மேலும் முதுகை வளைத்துக்கொண்டு வர, வெள்ளைக் கயிறு அடைத்த பைகள் மட்டும் மெத்தையில் சாய்ந்து சொகுசாக வரும். பக்கத்தில் அக்கா, ஒரு கையைப் பை மேல் போட்டுக்கொண்டு. குழித்துறைப் பாலம் தாண்டினபிறகு ரோடு குண்டும் குழியுமாக இருக்கும். ஒருநாள் அங்கே வைத்துத் தங்கப்பன் போர்மேனுக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, எனக்கு முதுகுவலி உண்டும். கயித்துக்கு முதுகு உண்டுமா?"

"ஒங்க முதுகு நனைஞ்சா துணி வச்சித் தொடச்சிக்கிடலாம்," என்றார் அக்கா. "இது நனைஞ்சா ஜெபராஜு வீட்டுக்குப் போவ மாட்டான்."

ஜெபராஜ் தார்ப்பாய் மேல் படுத்தபடி சிரித்தான். மேலே ஏறுகிறவன் அவன்தான். அவன் உயிரைப் பற்றிய பேச்சு வண்டியில் தினமும் நடக்கும். யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல் அவனும் கேட்டுக்கொண்டு வருவான்.

நான் அந்த வண்டியின் டிரைவர். கரண்டை நிறுத்தாமலே பெரிய லைனில் பழுது பார்க்கிற கூட்டம் எங்களுடையது. ஹாட்லைன் கேங் என்பார்கள். ஊரில் எல்லாருடைய வீட்டிலும் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், மிக்சி ஓடிக்கொண்டிருக்கும், இங்கே வயலுக்கு நடுவில் டவர் உச்சியில் ஒருத்தன் அதே லைனில் கம்பியைத் தாங்கும் பீங்கான் தட்டுகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான். டவர் என்பது தரை. கம்பி என்பது சாவு. இரண்டுக்கும் நடுவில் ஏணியைத் தூக்குவதும், பாரத்தைத் தாங்குவதும், ஆளைப் பிடித்துக்கொள்வதும் இந்தக் கயிறுதான். சுத்தமாகக் காய்ந்திருந்தால் அதன் வழியாகக் கரண்ட் வராது. கொஞ்சம் ஈரமோ அழுக்கோ எண்ணெயோ ஏறிவிட்டால் கயிறே பாதையாகிவிடும். மற்ற கயிறுகள் அறுந்தால்தான் ஆபத்து. இது அறாமலே ஆளைக் கொல்லும். அதுவும் கண்ணுக்குத் தெரியாமல்.

அக்கா இந்தக் கயிறுகளுக்குப் பொறுப்பு. அவருக்குப் பெயர் இருந்தது, சம்பளப் பட்டியலில் மட்டும். ஆபீசில் அக்கா என்றால் அவர் ஒருவர்தான்; அவரைவிட மூத்த போர்மேனுக்கும் அக்கா, எங்களுக்கு இன்ஜினியராக மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஏ.இ. மேடத்துக்கும் அக்கா. கணவர் எங்கள் ஆபீசில் வேலை பார்த்து இறந்துபோனதால் வாரிசு வேலையாகக் கிடைத்தது. லைனில் அடிபட்டு இறந்தார் என்று வைத்தால் கதைக்குப் பொருத்தமாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொள்வார்கள். மனிதர் இறந்தது மஞ்சள்காமாலையில். கயிற்றின்மேல் அக்காவுக்கு இருந்த கெடுபிடிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது அவருடைய குணம், அவ்வளவுதான். வீட்டில் அரிசி புடைத்தாலும் கடைசிக் கல்லைத் தேடிக்கொண்டிருப்பார் என்று அவர் தம்பியே சொல்லியிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால் அவர் கடற்கரைக்காரர். தம்பிக்கு வள்ளம் உண்டு. அந்த வீட்டில் கயிறு என்றாலே நனைந்து கிடக்கும் பொருள். நனையாத கயிற்றுக்கு அங்கே வேலையில்லை. அங்கே பிறந்து வளர்ந்தவர் இங்கே வந்து, ஒரு துளி படாமல் கயிற்றைக் காப்பாற்றினார். "பொறந்த வீட்டுல நனைக்கணும், புகுந்த வீட்டுல நனைக்கப்பிடாது," என்று போர்மேன் கேலி செய்வார். அக்கா சிரிப்பார், ஆனால் கை பையை விட்டு நகராது.

வேலை நடக்கும் இடத்தில் அவர் செய்யும் சடங்கு எங்களுக்கெல்லாம் மனப்பாடம். முதலில் தார்ப்பாயை விரிப்பார். அதன்மேல் எவனும் செருப்புக் காலோடு ஏறக்கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவி, துண்டால் துடைத்து, அதன்பிறகும் கையை விரித்துக் காற்றில் காட்டிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் அவரைப் பார்த்தால் ஜெபக்கூட்டத்தில் நிற்பவர் போலவே இருக்கும். பிறகு வெள்ளை உறை மாட்டி, கயிற்றை முழம் முழமாக விரலுக்குள் விட்டுப் பார்ப்பார். பிசிறு இருக்கிறதா, கறை இருக்கிறதா, எங்காவது கெட்டியாக இருக்கிறதா. அதன்பிறகுதான் கரண்ட் கசிவு பார்க்கிற மிஷினில் வைப்பார். மிஷின் நல்லது என்று சொன்ன பின்னும் ஒருமுறை விரலுக்குள் விடுவார். எனக்குப் பசிக்கும். வேலை தொடங்கி, முடிந்து, கயிறு திரும்பவும் பைக்குள் போகிறவரை அந்தப் பக்கம் யாரும் தின்பண்டம் பிரிக்கக்கூடாது என்பது அவர் சட்டம்.

அருமனைக்காரர் தங்கப்பன் போர்மேன். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்த பழம்பொரி இல்லாமல் அவருக்குப் பதினோரு மணி ஆகாது. ஒருநாள் வேலை தொடங்குவதற்கு முன் டவர் அடியில் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். தின்றுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துவிட்டு, மறதியாகக் கயிற்றின் நுனியை எடுத்துக் கொடுத்தார். அக்கா அந்தக் கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டு, பையை வண்டியில் வைத்து, வேறு கயிற்றை எடுத்து முதலிலிருந்து விரலுக்குள் விட ஆரம்பித்தார். அன்றைக்கு வேலை தொடங்க மத்தியானமாகிவிட்டது.

"ஒரு பழம்பொரிக்கு இவ்வளவா அக்கா?"

"பழம்பொரிய நான் குத்தம் சொல்லேல போர்மேனே. நீங்க தின்னத நான் பாத்தேன். அதனால இந்தக் கயிறு தெரிஞ்சிது. பாக்காத நாளு எத்தன இருக்குமோன்னுதான் எனக்கு மனசுல வெப்ராளம்."

 போர்மேன் அன்று முதல் பழம்பொரியை வண்டிக்குள் என் பக்கத்தில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தார், அதில் எனக்கும் பங்கு கிடைத்தது.

இரவல் விஷயத்தில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. நல்ல கயிறு ஒன்று ஓரிடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் நம் ஊரில் யாருக்குத்தான் கை அரிக்காது? அதுவும் இது பாலில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளை. கையில் பிடித்தால் பட்டு மாதிரி. பந்தல் போட வேண்டும் என்று வருவார்கள். தென்னையைச் சாய்க்க வேண்டும் என்பார்கள். திருவிழாவுக்குக் கொடியேற்ற வேண்டும் என்று பங்குக் கமிட்டிக்காரர்கள் மரியாதையாக வந்தார்கள். மாடு கட்ட ஒரு முழம் போதும் என்று வாட்ச்மேன் கேட்டார். எல்லாருக்கும் ஒரே பதில், "இது ஒங்க வீட்டுக் கயிறு மாதிரி இல்ல. வேற வாங்கிக்கிடுங்க."

அவருடைய மாமியார் இறந்தபோது, பெட்டியைக் குழிக்குள் இறக்கப் பங்குக் கோயிலில் இருந்த கயிறு இற்றுப்போய்க் கிடந்தது. ஊர்ப் பெரியவர்கள் அக்காவிடம் வந்து, ஆபீஸ் கயிற்றை ஒரு மணி நேரத்துக்குத் தரச் சொன்னார்கள். சொந்த மாமியாருக்கு. அவர் தரவில்லை. தம்பியை அனுப்பி வள்ளத்திலிருந்து கயிறு கொண்டுவரச் செய்தார், அது வரும்வரை பெட்டி வெயிலில் காத்திருந்தது. கடற்கரையில் இதைச் சாதாரணமாக விடுவார்களா. கணவர் வீட்டுச் சனம் வெகுநாள் அவரோடு பேசவில்லை. அதை என்னிடம் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். கண் கலங்கியிருந்தது. "குழிக்குள்ள போன கயித்த நான் எப்பிடித் தம்பி ஜெபராஜு கையில குடுப்பேன்?" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்த நாட்கள் உண்டு. வானம் சரியில்லை என்று அவர் சொன்னால் வேலை நிற்கும். நமது மாவட்டத்தில் வானம் எப்போது சரியாக இருந்தது? தென்மேற்கும் நம்மை நனைக்கும், வடகிழக்கும் நம்மை நனைக்கும். இரண்டும் இல்லாத நாளில் மார்த்தாண்டம் பக்கம் காரணமே இல்லாமல் ஒரு தூறல் போடும். வண்டியை ரப்பர் தோட்டத்து ஓரத்தில் நிறுத்திவிட்டு நாள் முழுக்கக் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம். மழை நின்று, வெயில் அடித்து, நாங்கள் எல்லாரும் எழுந்து நின்ற பிறகும் அவர் எழுந்திருக்க மாட்டார்.

"காஞ்சிட்டுல்லா அக்கா?"

"காஞ்ச மாதிரி இருக்கு."

காய்ந்தது வேறு, காய்ந்த மாதிரி இருப்பது வேறு என்பது அவருடைய கட்சி. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் எங்கள் மத்தியானங்கள் எல்லாம் போயின.

அப்படி ஒரு மார்த்தாண்டம் தூறலில்தான் அந்தக் கயிறு நனைந்தது. வேலை முடிந்து சுருட்டிக்கொண்டிருக்கும்போது சட்டென்று சாரல் அடித்தது. மற்ற கயிறுகள் பைக்குள் போய்விட்டன, ஒன்றின் பாதி வெளியில் கிடந்தது. நனைந்த கயிற்றைக் காயவைக்க ஆபீசில் சூடேற்றும் அலமாரி ஒன்று உண்டு. அதற்குள் காயவைத்து, மிஷினில் பார்த்து, அதன்பிறகுதான் எடுக்கலாம். எங்கள் நேரம், அலமாரியின் சூட்டுக் கம்பி எரிந்துபோய்ப் புதியது வராமல் இருந்தது. அக்கா அந்தக் கயிற்றைத் தனியாக அறைக்குள் தொங்கவிட்டு, அலமாரி சரியாகும்வரை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மகளுடைய நிச்சயதார்த்தத்துக்காக லீவில் போனார்.

அடுத்த வாரம் அவர் திரும்பி வந்தபோது கயிறு அறையில் இல்லை. மேசைமேல் இருந்தது. பூமாலை சுற்றிய மாதிரி ஒழுங்காகச் சுருட்டி, நுனியைக் கட்டி, முன்னைவிட வெள்ளையாக. பக்கத்தில் ஜெபராஜ், பரிசு கொண்டுவந்த பிள்ளையின் முகத்தோடு.

"நான்தான் அக்கா. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வீட்டுல போட்டு ஒணக்கினேன். நல்ல வெயிலு, நல்ல காத்து. தொட்டுப் பாருங்க."

அக்கா கை கழுவி, துடைத்து, காயவைத்து, உறை மாட்டித் தொட்டுப் பார்த்தார். முழம் முழமாக விரலுக்குள் விட்டார். பாதி வந்ததும் நிறுத்தி, உறையைக் கழற்றி, அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"வீட்டுல எங்கலே ஒணக்கின?"

"வீட்டு முன்னால. ரெண்டு தெங்குக்கு எடையில கெட்டி."

"ஒன் வீட்டு முன்னால கடலுல்லா கெடக்கு?"

"கடலு அங்க கெடந்து, கயிறு இங்க கெடந்து. ஒரு துளி தெறிக்கேல, மாதாவாண."

ஜெபராஜும் கடற்கரைக்காரன்தான், வேறு ஊர். வலை காய்கிற இடத்தில், கருவாடு காய்கிற இடத்தில், பிறந்த நாள் முதல் எல்லாமும் காய்கிற இடத்தில் அவன் கயிற்றைக் காயப் போட்டிருக்கிறான். அதைவிட நல்ல இடம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவனுக்குத் தோன்ற நியாயமில்லை. அதில் தொங்கப்போகிறவன் வேறு அவன். யாராவது கவனக்குறைவாகச் செய்தால் திட்டலாம். இவன் அவ்வளவு அக்கறையாகச் செய்திருந்தான்.

"லே, காத்துல உப்பு உண்டும்லே," என்றார் அக்கா. குரலில் கோபமில்லை. "வெயிலுக்குக் காஞ்சிதான் இருக்கும். வீட்டுல பரணியில போட்டு வச்ச உப்பு மழைக்கு வேர்க்குமில்லியா? அது மாதிரி, பனி விழுந்தா இது வேர்க்கும். நீ மேல நிக்கும்ப வேர்த்தா என்னடே செய்வ?"

போர்மேன் மிஷினைக் கொண்டுவந்தார். உச்சி வெயில். மிஷின் நல்லது என்றது. திரும்பவும் பார்த்தார்கள். திரும்பவும் நல்லது.

"மிஷினு கொள்ளாம்ணு சொல்லுகு அக்கா," என்றார் போர்மேன்.

"இப்பம் கொள்ளாம்."

"அப்பம் எப்பம் கொள்ளாது?"

"அது எனக்குத் தெரியாது."

ஏ.இ. மேடம் இரண்டு பக்கமும் கேட்டார். அக்கா அந்தக் கயிற்றைக் கழித்துவிடலாம் என்றார். சோதனையில் தேறின கயிற்றை நினைத்தவுடன் கழிக்க முடியாது, மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார் மேடம். கேட்டு எழுதியும் விட்டார். பதில் வருகிறவரை கயிறு தனியாக இருக்கட்டும் என்று முடிவானது. அக்கா அதை ஒரு பையில் போட்டு, பையின் ஜிப்புக்கு ஒரு பூட்டுப் போட்டார். பெட்டி வாங்கினால் இனாமாகக் கொடுப்பார்களே, அந்தப் பூட்டு. இரண்டு விரலால் திருகினால் கையோடு வந்துவிடும். ஜெபராஜுக்கு முகம் தொங்கிப்போனது. "நல்ல கயிற ஜெயில்ல போட்டுட்டாவ," என்று என்னிடம் புலம்பிக்கொண்டு வந்தான்.

பதில் வரவில்லை. அக்கா மகளின் கல்யாணம் வந்தது.

அது பெரிய முகூர்த்த நாள். கோயில், சர்ச், மண்டபம் ஒன்றும் பாக்கியில்லை. ரோட்டில் பார்த்த கார்களில் எல்லாம் பூ. எங்கள் ஆபீசில் பாதிப்பேர் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குச் சட்டை தேய்த்து வைத்திருந்தோம். காலையில் லைன் பார்க்கப் போனவர்களிடமிருந்து போன் வந்தது. சுசீந்திரம் பக்கத்து வயலில் டவர் ஒன்றில் பீங்கான் தட்டுகள் உடைந்து, மிச்சமிருப்பதும் எப்போது போகும் என்று சொல்ல முடியாத நிலை. கீழே நடவு நடந்துகொண்டிருந்தது. ஆட்களை வெளியேற்றிவிட்டார்கள். இன்றைக்கே மாற்ற வேண்டும். மேலிடத்திலிருந்து, முகூர்த்த நாளில் லைனை நிறுத்தினால் மாவட்டமே கூச்சல் போடும், ஹாட்லைனில் செய்யுங்கள் என்று சொன்னார்கள்.

எங்கள் நல்ல கயிறுகள் எல்லாம் வருடாந்திரச் சோதனைக்கு வெளியூர் போயிருந்தன. அறையில் இருந்தது பூட்டுப் போட்ட பை ஒன்றுதான்.

தங்கப்பன் போர்மேன் அந்தப் பூட்டைக் கையில் பிடித்துப் பார்த்தார். ஜெபராஜ் பார்த்தான். நானும் பார்த்தேன். ஏ.இ. மேடம் பார்த்தார். மிஷினில் தேறின கயிறு. மேலே போகிறவனே தயார் என்கிறான். பூட்டோ விளையாட்டுச் சாமான். ஒருவருக்கும் அதைத் திருகக் கை வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டார்கள். கல்யாண வீட்டில் போனை யார் எடுப்பார்கள்? "நீங்க போய்ச் சாவி வாங்கிட்டு வந்துருங்க," என்று மேடம் என்னை அனுப்பினார்.

நான் போனபோது பந்தலில் ஆப்பமும் கறியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அக்கா பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து நின்றார். அவரை அந்தக் கோலத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை, அழகாக இருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். கையிலிருந்த வண்டிச் சாவியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என்ன தம்பி?"

சொன்னேன். உடைந்த தட்டுகள், நடவு வயல், மேலிடத்து உத்தரவு, கயிறு இல்லாதது எல்லாம்.

"ஆரு மேல போறா?"

"ஜெபராஜு."

 முந்தின ராத்திரி பெய்த மழையில் பந்தல் துணி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதை அண்ணாந்து பார்த்தார்.

"அக்கா, இன்னொண்ணும் சொல்லணும்," என்றேன். "கயிறு இல்லன்னா லைன ஆஃப் பண்ணித்தான் செய்யணும். பண்ணினா இந்தக் கரைக்கே கரண்டு போவும். ஒங்க ஹாலும் இதுலதான்."

"எப்பம்?"

"மத்தியானம். பந்தி நேரந்தான்."

"ஜெனரேட்டர் கிட்டுமா?"

"இன்னைக்கா? ஒரு ஊருலயும் கெடையாது. அவனவன் ஒரு மாசம் முன்னாலயே புடிச்சி வச்சிருக்கான்."

மாப்பிள்ளை வீட்டார் மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடைக்காரர்கள். நல்ல வசதி. கடற்கரைச் சம்பந்தம் என்று அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் முகம் சுளித்திருந்தார்கள் என்பது எனக்கே தெரியும் என்றால் அக்காவுக்குத் தெரியாதா. ஒரு குறையும் வரக்கூடாது என்று அந்தக் கல்யாணத்துக்காக அவர் எப்படி ஓடினார் என்பதை நாங்கள் தினமும் பார்த்தோம். உள்ளே மகளுக்குத் தலை அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அக்கா என் போனை வாங்கி மேடத்தை அழைத்தார்.

"மேடம், சாவி எங்கிட்டதான் இருக்கு. தர மாட்டேன்."

அந்தப் பக்கம் மேடம் என்ன கேட்டார் என்பது எனக்கும் கேட்டது. "அந்தக் கயிறு கெட்டுப்போச்சுன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமாக்கா?"

"தெரியாது மேடம். தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருப்பேனே. தெரியாததுனாலதான் தர மாட்டேங்கேன்."

 பிறகு மேடம், "சரிக்கா. லைனை எடுத்துடறேன். நீங்க கல்யாணத்தப் பாருங்க," என்றார். மேலிடத்தில் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, அது அவர் பாடு. இருவருமே அதைப்பற்றி அப்புறம் பேசியதில்லை.

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார்.  "தின்னுட்டுப் போ தம்பி," என்றார். என்னால் தின்ன முடியவில்லை என்று எழுத ஆசைதான். நான்கு ஆப்பம் தின்றேன்.

லைனை நிறுத்தி, தரையோடு இணைத்து, சாதாரணக் கயிற்றில் வேலை நடந்தது. ஒரு பிரச்சினையும் இல்லை. ஜெபராஜ் உச்சியில் இருந்தபடியே கீழே பார்த்துத் திட்டினான். "நல்ல கயித்தப் பூட்டி வச்சிட்டு, பிள்ளைக்க கல்யாணத்துல இருட்டாக்கிப் போட்டாவளே." கத்திக்கொண்டே அவசர அவசரமாகப் போல்ட்டை முடுக்கினான். பந்தி முடிவதற்குள் கரண்ட் கொடுத்துவிட வேண்டும் என்று அவனுக்கு. அவ்வளவு வேகமாக அவன் வேலை செய்து நான் பார்த்ததில்லை. போர்மேன், "பைய, பைய," என்று கீழிருந்து தொண்டை கிழியக் கத்தினார்.

ஹாலில் நடந்ததை அக்காவின் தம்பி சொல்லித்தான் கேட்டேன். ஃபேன்கள் நின்றன. எங்கிருந்தோ ஒரு சின்ன ஜெனரேட்டர் பிடித்து வந்தார்கள், அது மைக்குக்கு மட்டும்தான் போதும். எனவே காற்று இல்லை, பேச்சு மட்டும் இருந்தது. விருந்தாளிகள் எல்லாரும் கல்யாணக் கார்டை வைத்து விசிறிக்கொண்டார்கள். ஐஸ்கிரீமைப் பாயசம் மாதிரி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்க, "கரண்ட் ஆபீஸ்காரிக்க வீட்டுக் கல்யாணம் நல்லா வேர்த்து," என்றாராம். மகளின் முகத்துப் பூச்செல்லாம் கரைந்து ஓட, அவள் அழுததும் வேர்த்ததும் தெரியாமல் போட்டோவில் விழுந்திருக்கிறாள். காரணம் அம்மாதான் என்று அதற்குள் யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். மறுவீடு வந்தபோதுகூட அவள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் ஹாலில் எல்லா ஃபேனும் ஒன்றாகச் சுற்ற ஆரம்பித்தன. காலி நாற்காலிகளுக்கு நடுவில் அக்கா ஒரு ஃபேனுக்குக் கீழே போய் நின்றுகொண்டிருந்தாராம்.

லீவு முடிந்து வந்த அன்று அவர் வீட்டிலிருந்து வெட்டுக்கத்தி கொண்டுவந்தார். பூட்டைத் திறந்து, கயிற்றை எடுத்து, மரக்கட்டைமேல் வைத்துத் துண்டு துண்டாக வெட்டினார். மேலிடத்துப் பதில் வராத கயிறு. மெமோ கொடுத்தார்கள். "சந்தேகத்தப் பைக்குள்ள வச்சிட்டு என்னால இனி ஒரு லீவு எடுக்க முடியாது," என்று மேடத்திடம் சொன்னார். அந்த மெமோவுக்கு அவர் எழுதிய பதிலும் அதே வாக்கியம்தான் என்பார்கள்.

ஆக, அந்தக் கயிறு கெட்டிருந்ததா நன்றாக இருந்ததா என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. பனியில் வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கலாம். அதற்குள் அது கயிறாகவே இல்லை.

வாழ்நாளில் ஒரு முழம் யாருக்கும் கொடுக்காதவர் அன்றைக்கு எல்லாருக்கும் கொடுத்தார். வாட்ச்மேனுக்கு மாடு கட்ட ஒன்று. போர்மேனுக்கு ஒன்று. என் வண்டியில் ஸ்டெப்னி கட்ட ஒன்று. இருப்பதில் நீளமான துண்டு ஜெபராஜுக்கு. அவன் முதலில் வாங்க மாட்டேன் என்றான்.

"இது நல்ல கயிறு அக்கா. நீங்கதான் கொன்னுட்டிய."

"இருக்கும்லே," என்றார் அக்கா. "கொண்டு போ."

அவன் அதை வீட்டு முன்னால் அதே இரண்டு தென்னைகளுக்கு நடுவில் துணி காயப் போடக் கட்டினான். இன்றைக்கும் இருக்கிறது. போகிற வருகிறவர்களுக்குக் காட்டி, "பாத்தியளா, இத்தன வருசமா அறாம நிக்கி, இதயா கெட்ட கயிறுன்னாவ," என்பான். அறுவதைப் பற்றியா அக்கா பேசினார்? ஆனால் அவனிடம் போய் யார் சொல்வது.

அக்கா ரிட்டயர் ஆகி, கொஞ்ச காலம் நெஞ்சுவலியோடு இருந்து, போய்ச் சேர்ந்துவிட்டார். மகளோடு பேச்சு எப்போதோ சரியாகிவிட்டது. முதல் பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் பிள்ளையோடுதான் திரும்பினாள். சம்பந்தி அம்மாள் மட்டும் எந்த விசேஷத்திலும் அந்த வேர்வைக் கதையை விடவில்லை.

ஜெபராஜ் இப்போது போர்மேன். வருடா வருடம் அந்தக் கல்யாண நாளில் அவன் விடியற்காலையில் கடற்கரையில் நின்று, வந்ததில் நல்ல நெய்மீனாக ஒன்று பார்த்து வாங்கி, பஸ்ஸில் மார்த்தாண்டத்துக்குக் கொண்டுபோய் அக்கா மகள் வீட்டில் கொடுத்துவிட்டு வருவான். முதல் வருடம் அந்த வீட்டில், இது எதற்கு என்று கேட்டதற்கு, "அன்னைக்குக் கல்யாணத்துக்கு வர முடியேல. அதான்," என்றானாம். அதன்பிறகு யாரும் கேட்பதில்லை. அக்கா இருந்தபோதும் கொண்டுபோனான். அக்கா போன பிறகும் நிறுத்தவில்லை.

இந்த வருடம் நான் ஒரு வேலையாக மார்த்தாண்டம் போனதால் அவனை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் வீடு. அக்கா மகள் கதவைத் திறந்தாள். அப்படியே அக்கா சாயல். காபி கொடுத்தாள். பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் கல்யாண நாளுக்கு வந்தது. அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா, உண்மையச் சொல்லுங்க. அந்தக் கயிறு கெட்டுத்தான் போயிருந்ததா? நான் அம்மைட்ட ஒரு நாளும் கேக்கல."

"எனக்குத் தெரியாது மக்கா," என்றேன். "ஒங்க அம்மைக்கும் தெரியாது."

அவள் ஜெபராஜைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருந்து," என்றான் ஜெபராஜ், வழக்கம்போல. சொல்லிவிட்டுத் தேக்கிலையில் பொதிந்த மீனை இரண்டு கையாலும் எடுத்து, அவளிடம் நீட்டினான்.